பட்டனுக்கு ஒரு தொட்டி

நாற்பத்தெட்டு வயது வரை நோரா ஞானப்பிரகாசத்தின் பொறுப்பில் எந்தப் பிராணியும் இருந்ததில்லை. மனிதர்கள் இருந்தார்கள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டாள். தம்பி வில்ஃப்ரட்டைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். அப்பா போய்ச் சேர்ந்தபோது தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ளும் வயது அவளுக்குத் தாண்டியிருந்தது. பெங்களூரின் காக்ஸ் டவுனில், ஓட்டுக்கூரை போட்ட பழைய பங்களா ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு அறை அவுட்ஹவுஸ்; அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டெனோகிராபர் உத்தியோகம்; ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. இதில் அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

1998 ஏப்ரலில் வில்ஃப்ரட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவன் மகள் மௌரீன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பத்து வயது. கிண்ணத்தின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு ஆமைக் குஞ்சு, சின்ன பிஸ்கட் அளவுக்கு. கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு.

“பிளேன்ல விடமாட்டாங்களாம் ஆன்ட்டி. பட்டனை நீங்க வெச்சுக்கறீங்களா?”

“எனக்கு ஆமையைப் பத்தி என்னடா தெரியும், கண்ணு?”

“ஒண்ணுமே தெரிய வேணாம். கடைல விக்கிற ஆமைத் தீனில டெய்லி நாலு குச்சி போடணும். தண்ணி மாத்தணும். அவ்வளவுதான்.” பிறகு, அழுகையை அடக்கிக்கொண்டு, “நான் சண்டே சண்டே போன் பண்ணிக் கேப்பேன்” என்றாள்.

முடியாது என்று சொல்லி நோராவுக்குப் பழக்கமில்லை. கிண்ணத்தை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்தாள்.

முதல் வாரத்திலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆமை ஓயாமல் கிண்ணத்தின் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வழுவழுப்பான கண்ணாடி, கால் வைத்து ஏற ஒரு இடம் இல்லை. நாள் முழுக்க நீந்தி, களைத்து அடியில் போய் உட்காரும். மூச்சு வாங்க மறுபடி மேலே வரும். ஒரு கல்லை உள்ளே போட்டாள். அடுத்த நிமிடமே அது கல்லின் மேல் ஏறி, நான்கு கால்களையும் நீட்டி, கழுத்தை வெளியே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இத்தனை நாள் அதற்கு உட்கார ஓர் இடம்கூடக் கொடுக்கவில்லையே என்று நோராவுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் நூலகத்துக்குப் போனாள். ஆமை வளர்ப்பு பற்றி அங்கே ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அமெரிக்காவில் அச்சடித்தது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். நோரா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, தேவையான முப்பது பக்கங்களையும் சுருக்கெழுத்தில் இறக்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை உணவு இடைவேளையில், மேலாளரின் கடிதங்களுக்கு நடுவே அதை டைப் அடித்தாள். மூன்றடி நீளத் தொட்டி வேண்டும். ஒரு பக்கம் நீந்துவதற்குத் தண்ணீர், மறுபக்கம் ஏறி உலர்வதற்குச் சரிவான மேடை. தண்ணீர் குளிரக் கூடாது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் வேண்டும். நேரான வெயில், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது உதவாது. வெயில் இல்லையென்றால் ஓடு கெட்டிப்படாது, நாளாக ஆக மெத்தென்று ஆகிவிடும். வெயிலுக்குப் பதிலாக ஒரு விசேஷ விளக்கு உண்டு, பக்கத்துக் கடையில் கேளுங்கள் என்று எழுதியிருந்தது.

பக்கத்துக் கடை என்றால் சிவாஜிநகர்தான். மௌரீன் ஆமையை வாங்கியதும் அங்கேதான். மீன் தொட்டிகளை மார்பளவுக்கு அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த அஸ்லம் பாய், நோரா வரைந்து நீட்டிய தொட்டிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு அடி தொட்டி ஓகே சிஸ்டர். உள்ள எதுக்கு படிக்கட்டு?”

“ஏறி உக்காரணும் பாய்.”

“அரே, அது இவ்வளவுதான் வளரும். கிண்ணமே போதும். எத்தனையோ பேர் வாங்கிட்டுப் போறாங்க, ஒருத்தர்கூட வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணல.”

“வாங்கிட்டுப் போன ஆமையெல்லாம் இப்ப இருக்கா?”

பாய் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி, செஞ்சு தர்றேன்” என்றார். விளக்கைப் பற்றிக் கேட்டபோது உதட்டைப் பிதுக்கினார். எலெக்ட்ரிக் சாமான் விற்கும் தெருவில் பதினோரு கடை ஏறி இறங்கினாள் நோரா. ஒருவர் தெருவிளக்குக்குப் போடும் பல்பைக் காட்டினார். இன்னொருவர், வெயிலுக்கு விளக்கா என்று கேட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. வெயில்தான் இருக்கிறதே. அவுட்ஹவுஸுக்குக் கிழக்கே இரண்டு எட்டு அகலத்துக்குச் சிமெண்ட் முற்றம். மதிலுக்கு அந்தப் பக்கம் வேறொரு பழைய பங்களாவின் தோட்டம். அதன் மரங்களுக்கு மேலே ஏறிச் சூரியன் காலை ஏழு மணிக்கே முற்றத்தில் விழுந்துவிடும். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பட்டனைப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, பாதிக்கு மட்டும் பலகை போட்டு மூடி, முக்கால் மணி நேரம் வெயில் காட்டினாள். புதுக் கண்ணாடித் தொட்டி மேஜைக்கு வந்தது. சரிவு மேடை கொஞ்சம் கோணல்தான். பட்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை போகட்டும் என்று முதல் நாளே வாளியில் பிடித்து வைத்தாள். கீரையும் சின்ன மீனும் நறுக்கிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெர்த்திலிருந்து போன் வந்தால் சொல்ல நிறைய இருந்தது.

“இன்னிக்கு என் விரலைப் பாத்துட்டு ஓடி வந்தான், மௌரீன்.”

“உங்களைத் தெரியுதா ஆன்ட்டி அவனுக்கு?”

“சாப்பாடு தெரியுது. அது போதும்.”

ஜூன் மாதம் பக்கத்துப் பங்களாவை இடித்தார்கள். ஒரே வாரத்தில் மரங்கள் போயின. முதலில் முற்றத்துக்கு முன்னைவிட அதிக வெயில் வந்தது. பிறகு கம்பிகள் எழும்பின. நான்கு மாடி, பதினாறு குடியிருப்பு என்று வாசலில் பலகை மாட்டினார்கள். மதிலை ஒட்டிச் சுவர் வளர வளர, வெயில் முற்றத்துக்கு வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. எட்டரை ஆனது, ஒன்பதேகால் ஆனது. நோராவின் தொழிற்சாலைப் பேருந்து எட்டு பத்துக்கு. அவள் வீட்டில் இருக்கும்போது வெயில் இல்லை, வெயில் வரும்போது அவள் இல்லை; ஞாயிறு ஒருநாள் வெயில் போதவில்லை. தனியே விட்டுப் போகலாமென்றால் காக்கையும் பூனையும் காத்திருந்தன. நவம்பரில் மூன்றாவது மாடி எழுந்ததும் அந்தக் கணக்கும் தேவையில்லாமல் போயிற்று. கிழக்கே இந்தக் கட்டடம், தெற்கே பங்களா, மேற்கே அவளுடைய அவுட்ஹவுஸே. முற்றத்தில் பகலெல்லாம் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும்.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சீனிவாசராகவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

அவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார். “நாம என்ன பண்ண முடியும், மிஸ் நோரா? அவா இடத்துல அவா கட்டறா. இது ஓட்டு வீடு. மொட்டை மாடி இருந்தாலாவது உங்களுக்குச் சாவி தரலாம்.”

டிசம்பரில் ஒரு காலை, தண்ணீர் மாற்றப் பட்டனைத் தூக்கியபோது அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் ஓடு அமுங்கியது. நன்றாக அமுங்கவில்லை, பழைய அட்டைப்பெட்டி அமுங்குவதுபோல லேசாக. கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குப் பேருந்தைத் தவறவிட்டாள்.

புத்தகத்தில் சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை ஓட்டை வாங்கி இடித்துச் சாப்பாட்டில் கலந்தாள். பட்டன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதற்குக் கண்ணும் வீங்க ஆரம்பித்திருந்தது. அரசு கால்நடை மருத்துவமனைக்கு டிபன் கூடையில் வைத்து எடுத்துப் போனாள். முன்னால் ஒரு எருமை, இரண்டு அல்சேஷன் நாய்கள். இளம் டாக்டர் பட்டனை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? ஆமை நாங்க படிக்கவே இல்ல. சிலபஸ்லயே கிடையாது.” பிறகு தயங்கி, “வைட்டமின் டிராப்ஸ் எழுதித் தர்றேன். அளவு தோராயம்தான். வெயில்ல வெச்சீங்களா?” என்று கேட்டார்.

“வெயில் இல்ல டாக்டர்.”

“பெங்களூர்ல வெயில் இல்லையா?”

“எங்க வீட்டுல இல்ல.”

வில்ஃப்ரட்டிடம் விளக்கைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாள். பெர்த்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்று வாங்கி அனுப்பியிருந்தான். ஏழு வாரம் கழித்து ஜனவரியில் பார்சல் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கும்போதே உள்ளே கண்ணாடித் தூள் சலசலத்தது. நோரா அதைத் திறக்காமல் அலமாரியின் மேல் வைத்தாள். அந்த ஞாயிறு மௌரீன் போனில், “லைட் வந்துச்சா ஆன்ட்டி? பட்டனுக்குப் புடிச்சிருக்கா?” என்று கேட்டாள்.

“வந்துச்சு, கண்ணு.”

மௌரீன் மறுமுனையில் யாரிடமோ “வந்துடுச்சாம்!” என்று கத்துவது கேட்டது.

கட்டட வேலைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி தினமும் காலையில் மதிலோரமாக நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பாள். பெயர் மரகதம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பது வயதிருக்கும். அந்தத் திங்கட்கிழமை நோரா குடத்தோடு வெளியே வந்தபோது மரகதம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

நோரா உள்ளே போய்ப் பட்டனைக் கையில் எடுத்துவந்து காட்டினாள். ஏன் காட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. காட்ட வேறு யாரும் மிச்சமில்லை.

“இதுக்கு வெயில் வேணும், மரகதம். வெயில் இல்லாம ஓடு கூழாப் போவுது.”

மரகதம் அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்தது தாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தை. “வெயிலா? மேல வந்து பாரு. நாங்க வெந்து சாவுறோம்.” மதிலுக்கு மேல் கையை நீட்டினாள். “குடு. சாயந்தரம் தர்றேன்.”

நோராவுக்கு மனம் வரவில்லை. கீழே போட்டுவிடுவாளோ, மறந்துவிடுவாளோ, யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ. ஆனால் கையில் இருந்ததைப் பார்த்தாள். பட்டன் கண்ணைத் திறக்கவே இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, கல்லை வைத்து, மூடுபலகையோடு கொடுத்தாள். முக்கால் மணிதான், அப்புறம் நிழல், பலகை எந்தப் பக்கம், காக்கை. எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னாள். புது மேல்தளத்தில் கான்கிரீட் இறுகுவதற்காகச் சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்களே, அது நினைவுக்கு வந்தது.

“அந்தத் தண்ணியில விட்டா ஆழம் இல்லாம சரியா இருக்குமோ?”

“ஐயய்யோ, அதுல வுடாதக்கா. சிமெண்ட் தண்ணி, தோலத் தின்னுரும்.” மரகதம் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். பாதம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடித்து, விரலிடுக்கு சிவந்திருந்தது. “நம்ம கால்தான் இப்பிடி. இதுக்கு எதுக்கு?”

அன்று மாலை முழுசாகத் திரும்பி வந்தான் பட்டன். மறுநாளும் அப்படியே. இரண்டு வாரத்தில் கண்வீக்கம் வடிந்தது. இடித்த கடல்நுரையை மீன் துண்டோடு சேர்த்து விழுங்கினான். பிப்ரவரி முடிவில் ஓட்டை அழுத்தினால் நடுவில் உறுதியாக இருந்தது. ஓரங்கள் மட்டும் மேல்நோக்கி வளைந்து நின்றுவிட்டன. நோரா தினமும் காலையில் கொடுத்தாள், மரகதம் தலையில் சும்மாடு மேல் தொட்டியை வைத்து மூங்கில் சாரத்தில் நாலு மாடி ஏறினாள். செங்கல்லோடு செங்கல்லாக அதுவும் போயிற்று. நோரா கொடுத்த தேங்காயெண்ணெயைக் காலில் தடவிக்கொண்டே ஒருநாள் மரகதம் சொன்னாள்: “எங்க மேஸ்திரி கேக்குறாரு, ஆமைக்குக் கூலி யாரு குடுப்பான்னு. நா சொன்னேன், அது வேல ஒண்ணும் செய்யலியே, வெயில்லதான படுத்துக்கினு கெடக்குதுன்னு.”

நோரா சிரித்தாள். அன்றைக்குப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்து மறுபடியும் சிரித்தாள்.

ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கட்டடம் ஒருநாள் முடியும். மேல்தளத்துக்குக் கதவு வரும், பூட்டு வரும், பதினாறு குடும்பம் வரும். அதற்குள் வேறு வீடு பார்த்துவிட வேண்டும் என்று லிங்கராஜபுரத்தில் இரண்டு, அல்சூரில் ஒன்று என்று மாடி வீடுகளைப் போய்ப் பார்த்தாள். தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள் இரண்டு இடத்தில். மூன்றாவது இடத்தில் கொடுக்கத் தயார், ஆனால் மாடியை அவர்களே பூட்டி வைத்திருந்தார்கள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். மதிலோரம் யாரும் நிற்கவில்லை. கட்டடத்தின் முன்னால் இருந்த தகரக் கொட்டகைகள் இல்லை. அடுப்புக் கல்லும் கரியும் கிடந்தன. கேட்டில் இருந்த காவலாளி கோவிந்தப்பா, கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். மத்தியானம் திடீரென்று லாரி வந்தது. வேறு சைட்டில் அவசர வேலையாம். அரை மணி நேரத்தில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஆமை?” என்றாள் நோரா.

“ஆ ஹெங்கஸு, மரகதம், உங்க வீட்டு வாசல்ல வந்து ரொம்ப நேரம் நின்னா மேடம். பூட்டியிருந்துச்சு. என்கிட்ட குடுன்னு சொன்னேன். நீ ரவுண்ட் போறப்ப யார் பார்ப்பாங்க, பூனை தின்னுடும்னு சொல்லிட்டா. மேஸ்திரி லாரில இருந்து கத்தறான். அழுதுட்டே எடுத்துட்டுப் போயிட்டா.” சட்டைப் பையில் தேடினார், எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல. “அவளுக்கு எழுதத் தெரியாது மேடம். அக்காகிட்ட சொல்லு, வெயில் காட்டுறேன்னு சொன்னா.”

“எந்த சைட்?”

“வொயிட்ஃபீல்ட் கடே எல்லோ. அந்தப் பக்கம் எங்கயோ, கரெக்டா தெரியல.”

நோரா கட்டடத்தின் கம்பெனிக்குப் போன் செய்தாள். ஆட்களைக் கொண்டுவருவது சப்-காண்ட்ராக்டர், அவரைக் கேளுங்கள் என்றார்கள். சப்-காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் கைகாட்டினார். மேஸ்திரிக்குப் போன் கிடையாது. சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வொயிட்ஃபீல்ட் பேருந்தில் ஏறினாள். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்கள் சாலையின் இருபக்கமும் ஓய்வில்லாமல் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் தலையில் சும்மாடு வைத்த பெண்கள். ஐந்து இடத்தில் இறங்கிக் கேட்டாள். செம்மண் புடவையெல்லாம் ஏறியது. ஒரு சைட்டில் வயதான பெண் ஒருத்தி, “மரகதமா? இங்கயே மூணு பேர் கீறாங்கம்மா. எந்த மரகதம்?” என்றாள்.

“ஒரு ஆமை வெச்சிருப்பா.”

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இருவரும் சிரிக்கவில்லை. அந்த மரகதம் இங்கே இல்லை என்று மெதுவாகச் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமையும் போனாள், அதற்கடுத்ததும். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

முதல் இரண்டு ஞாயிறும் மௌரீனிடம் பொய் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு மௌரீன், “பட்டன் இப்ப எவ்வளவு பெருசு? ஸ்கேல் வெச்சு அளந்து சொல்லுங்க ஆன்ட்டி, நான் வெயிட் பண்றேன்” என்றாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் அழைப்பு. ஒவ்வொரு நொடிக்கும் காசு போய்க்கொண்டிருந்தது. நோரா ரிசீவரைப் பிடித்தபடி, கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் பழக்கத்தில் அதில் தண்ணீர் மாற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

“மௌரீன், பட்டன் இங்க இல்ல” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஓடு மெத்தென்று ஆனது, விளக்கு உடைந்து வந்தது, மரகதம், சாரம், லாரி. மறுமுனையில் விசும்பல் கேட்டது. அத்தனை தூரத்திலிருந்து அது கொஞ்சம் தாமதமாக வந்தது. நோரா ஆறுதல் சொல்லத் தொடங்கினால் அவளுடைய வார்த்தையும் குழந்தையின் அழுகையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இரண்டு முறை அப்படி ஆனதும் பேச்சை நிறுத்திவிட்டு அழுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வில்ஃப்ரட் ரிசீவரை வாங்கினான். “விடு அக்கா. ஆமைதானே. அழுதுட்டு சரியாயிடுவா. நீ மனசுல வெச்சுக்காத.”

“சரிடா” என்றாள் நோரா.

அடுத்த ஞாயிறு மௌரீன் போனுக்கு வரவில்லை. நீச்சல் வகுப்பு என்றான் வில்ஃப்ரட். அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். புது டீச்சரைப் பற்றிப் பேசினாள், கடற்கரைக்குப் போனதைச் சொன்னாள், அவள் உச்சரிப்பு கொஞ்சம் மாறியிருந்தது. ஆமையைப் பற்றிக் கேட்கவில்லை. நோராவும் எடுக்கவில்லை. பேசி முடித்ததும், கதவைத் திறந்து முற்றத்தில் வந்து நின்றாள். புதுக் கட்டடத்தின் மாடியில் யாரோ முதல் குடித்தனம் வந்திருந்தார்கள். துவைத்த துணிகளைக் கம்பியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கீழே எட்டிப் பார்த்து, முற்றத்தில் தண்ணீர் சொட்டுகிறதா என்று கன்னடத்தில் கேட்டாள். இல்லை என்றாள் நோரா.